மதியம் மிச்சம், சாயங்காலம் பற்றாக்குறை: அப்புறமும் ஏன் புது பவர் ஸ்டேஷன் கட்ட மாட்டேங்கறாங்க?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன். மதியத்துல சோலார் கரண்ட் அதிகமாயிடுச்சுன்னு சில ப்ளாண்டை நிறுத்தி வைக்கறதா பேப்பர்ல படிக்கறீங்க, அதே வாரம் பெங்களூர் ஹொரமாவுல உங்க வீட்ல சாயங்காலம் ஏழு மணிக்கு கரண்ட் போயிடுது, அப்ப இந்த அரசு மின் கம்பெனிகளுக்கு பத்து வருஷம் முன்னாடியே கணக்கு போட்டு நாலு பவர் ஸ்டேஷன் கட்டி வைக்கத் தெரியாதா, இதுல அப்படி என்ன கஷ்டம்னு கேட்டிருக்கீங்க. கீழ ரெண்டு பேர் "எல்லாம் கமிஷன் சார்"னு ஒத்த வரில ஃபைலை மூடிட்டாங்க. அதுக்கு அப்புறம் வரேன். என் பார்வையில நீங்க உண்மையில கேக்கறது, வேணும்னு தெரிஞ்சும் ஏன் கட்டலங்கறது. என் பதில், எந்த நேரத்துக்கு எவ்ளோ வேணும்னு யாருக்கும் உறுதியா தெரியாது, ஆனா அந்தத் தெரியாத விஷயத்துக்கு இன்னைக்கே இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து போடணும், அதுதான் கஷ்டம். நான் ஒரு அரசு மின் நிறுவனத்துல ப்ளானிங் பக்கம் ரொம்ப காலம் இருந்துட்டு ரிட்டயர் ஆனவன், லோடு கணக்கும் பர்ச்சேஸ் கணக்கும்தான் என் வேலை. அணு மின்சாரப் பக்கம் வேலை பாத்ததில்ல, அதனால அதுல ரொம்ப பேச மாட்டேன்.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுடலாம். உங்க வீட்ல ஏழு மணிக்குப் போற கரண்டுக்கும் பவர் ஸ்டேஷனுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. ஏப்ரல் மே மாசத்துல சாயங்கால மழைக்கு ஒரு குல்மொஹர் கிளை முறிஞ்சு லைன் மேல விழும், இல்ல தண்ணி பைப்புக்கோ இன்டர்நெட் கேபிளுக்கோ தோண்டறவன் அண்டர்கிரவுண்ட் கேபிளை வெட்டிடுவான், இல்ல தெருவுல எல்லாரும் ஏசி மாட்டினதுல அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் மூச்சு வாங்கும். இதெல்லாம் பெஸ்காமோட, அதாவது பெங்களூர் பக்கம் கரண்ட் விநியோகிக்கற அரசு கம்பெனியோட, டிஸ்ட்ரிப்யூஷன் பிரச்சனை, பத்தாயிரம் மெகாவாட் புதுசா கட்டினாலும் தீராது. நிஜமான உற்பத்திப் பற்றாக்குறை வந்தா அது உங்க தெருவோட நிக்காது, ஊர்ப்பக்கம் ஃபீடர் ஃபீடரா, அதாவது சப்ஸ்டேஷன்லேருந்து கிளம்பற ஒவ்வொரு லைனா, நேரம் போட்டு நிறுத்துவாங்க, பெங்களூரை கடைசியாத்தான் தொடுவாங்க. இது நியாயமான்னு கேட்டா நியாயம் இல்ல, ஆனா நடைமுறை அதுதான்.

சரி, ப்ளானிங்குக்கு வருவோம். எல்லாத்துக்கும் ஆரம்பம் டிமாண்ட் கணக்கு. டெல்லில மத்திய மின்சார ஆணையம், அதாவது சிஇஏ, சில வருஷத்துக்கு ஒரு தடவை மின்சார சர்வே ஒண்ணு போடும், மாநிலம் மாநிலமா, வருஷம் வருஷமா. 2011ல வந்த 18வது சர்வே, 2016-17ல நாட்டோட பீக் டிமாண்ட், அதாவது ஒரே நேரத்துல வேண்டிய உச்ச அளவு, 1,99,540 மெகாவாட் வரும்னு சொல்லிச்சு. வந்தது 1,59,500 பக்கம். அஞ்சே வருஷத்துல நாப்பதாயிரம் மெகாவாட் வித்தியாசம், அதாவது பெரிய 800 மெகாவாட் யூனிட்டா கணக்கு பண்ணினா அம்பது யூனிட். அதைப் போட்டவங்க ஒண்ணும் அசடுங்க இல்ல, அப்ப பொருளாதாரம் எட்டு ஒம்பது சதவீதம் வளந்துட்டு இருந்துச்சு, அதே ஓட்டத்துல கோடு இழுத்தாங்க, எல்இடி பல்பு இவ்ளோ சீக்கிரம் எல்லா வீட்டுக்கும் போகும்னு யாரு நினைச்சா? இந்தக் கணக்கையும் பழைய பற்றாக்குறைக் காலத்தையும் நம்பி தனியார்ங்க கட்டின அனல் மின் நிலையங்கள்ல 34 திட்டம், சுமார் 40,000 மெகாவாட், வாங்க ஆள் இல்லாமலும் நிலக்கரி கிடைக்காமலும் பேங்குக்கு வாராக்கடனா நின்னுச்சுன்னு 2018ல பார்லிமென்ட் கமிட்டியே எழுதிச்சு. அந்த அடி வாங்கின பயத்துல புது அனல் ஸ்டேஷன் பக்கம் எல்லாரும் கையை இழுத்துக்கிட்டாங்க. அப்புறம் பாத்தா 2024 மே கடைசில நாட்டு பீக் 2,50,000 மெகாவாட் தொட்டுடுச்சு, இப்ப திரும்ப "ஏன் கட்டல"ன்னு கேக்கறாங்க.

மாநில அளவுல இன்னும் சங்கடம். கர்நாடகாவுல விக்கற கரண்ட்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு விவசாய பம்புக்கு, இங்க ஐபி செட்னு சொல்லுவாங்க, போகுது, பத்து எச்பி வரைக்கும் இலவசம், பெரும்பாலானதுக்கு மீட்டர் கிடையாது. அப்ப எவ்ளோ ஓடிச்சுன்னு எப்படித் தெரியும்? சப்ஸ்டேஷன்ல அந்த ஃபீடரோட மீட்டரைப் படிப்பாங்க, வழில இவ்ளோ லாஸ்னு ஒரு சதவீதம் கழிப்பாங்க, மிச்சத்தை அந்த ஃபீடர்ல இருக்கற பம்பு எண்ணிக்கையால வகுப்பாங்க. ஆனா அந்த எண்ணிக்கைல கிணறு வத்தி மூடிப்போன பம்பும் இருக்கும், கணக்குல வராம கொக்கி போட்ட பம்பும் ஓடும். லாஸை கொஞ்சம் குறைச்சுக் காட்டணும்னா விவசாயத்துப் பக்கம் தள்ளிடலாம், சப்சிடி கொஞ்சம் அதிகம் வாங்கணும்னாலும் அங்கயே தள்ளலாம். மூணுல ஒரு பங்கு லோடை இப்படிக் குத்துமதிப்பா வச்சுக்கிட்டு பத்து வருஷம் கழிச்சு வர்ற பீக்கை எவ்ளோ துல்லியமா சொல்லிட முடியும்? மீட்டர் மாட்டறேன்னு எந்தக் கட்சியும் தைரியமா சொல்லாது, அது தனிக் கதை.

அடுத்தது, எவ்ளோ மெகாவாட்ங்கறதை விட எந்த மணிக்குங்கறதுதான் இப்ப பெரிய கேள்வி. பெங்களூர் ரேஸ் கோர்ஸ் ரோடுல இருக்கற, எந்த ஸ்டேஷன் எவ்ளோ ஓடணும்னு சொல்ற லோடு டிஸ்பாட்ச் சென்டர்ல ஒரு மார்ச் மாச நாளை நினைச்சுப் பாருங்க. காலைல எட்டு மணிக்கு கீசர், மோட்டார், ஊர்ப்பக்கம் பம்பு எல்லாம் சேர்ந்து கோடு மேல ஏறும், அதே நேரம் பாவகடா பக்கமிருந்து சோலாரும் ஏறி வரும், பத்து மணிக்கு மேல கரண்ட் வழியும். அதுக்காகவே ஐபி செட் சப்ளையை ராத்திரிலேருந்து பகலுக்கு முடிஞ்ச மட்டும் மாத்திட்டாங்க, விவசாயிக்கும் நல்லது, பாம்பு பயத்தோட நடு ராத்திரி வயலுக்குப் போக வேணாம். அந்த நேரத்துல ராய்ச்சூர், பெல்லாரி நிலக்கரி யூனிட்டை எவ்ளோ இறக்க முடியுமோ இறக்கச் சொல்லுவாங்க, ஆனா கொதிகலன் ஒண்ணும் ஃபேன் ஸ்விட்ச் இல்ல, பாதிக்கும் கீழ இறக்கினா தீ நிலையா நிக்காது, ஆயில் ஊத்தி தாங்கணும், ட்யூபுக்கும் ஆயுசு குறையும். முழுசா அணைச்சுட்டா திரும்ப ஏத்த பல மணி நேரம் ஆகும். அப்புறம் அஞ்சரை மணிக்கு சூரியன் சாய ஆரம்பிச்சதும் ஒரு மணி நேரத்துல சில ஆயிரம் மெகாவாட் காணாம போயிடும், லைட்டும் டிவியும் ஏசியும் அப்பத்தான் ஏறும். அந்த ஒண்ணரை மணி நேரத்தைத் தாண்ட ஷராவதி, வாராஹி, காளி தண்ணிதான் காப்பாத்தும், ஏன்னா ஹைட்ரோ நிமிஷக் கணக்குல ஏறும். அதனால "நாலு பவர் ஸ்டேஷன் கட்டு"ன்னா அடுத்த கேள்வி எந்த நாலுன்னு வரும். பகல்ல மிச்சமாகுது, ராத்திரி பரவால்ல, சாயங்காலம் ஆறரைலேருந்து பத்து வரைக்கும்தான் இடிக்குது. வருஷத்துல சில நூறு மணி நேரத்துக்காக நாள் முழுக்க ஓடற மாதிரியான நிலக்கரி ஸ்டேஷன் கட்டறது சரியான மருந்தா?

அந்த ஹைட்ரோவும் மழையை நம்பித்தான். 2023 ஆகஸ்ட் மாசம் 1901லேருந்து நாட்டுல பதிவான ஆகஸ்ட்லயே மழை ரொம்பக் குறைஞ்ச மாசம். ஷராவதியோட லிங்கனமக்கி அணை நிரம்பல, மழை இல்லாததால அக்டோபர்ல வழக்கமா தூங்கற பம்பெல்லாம் ஓட ஆரம்பிச்சு மார்ச் மாசம் மாதிரி டிமாண்ட் வந்து நின்னுச்சு. தண்ணியை அப்பவே செலவழிச்சா கோடைக்கு இல்ல, செலவழிக்கலன்னா இன்னைக்கு கட். அரசாங்கம் மின்சாரச் சட்டத்தோட 11வது பிரிவைப் போட்டு மாநிலத்துல இருக்கற தனியார் ஸ்டேஷன்ங்க கரண்டை வெளில விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, உத்தரப் பிரதேசம், பஞ்சாப்கிட்ட இப்ப வாங்கி அப்புறம் திருப்பித் தர்ற பேங்கிங் ஏற்பாடு பண்ணிச்சு. அடுத்த மார்ச்ல பீக் 17,000 மெகாவாட்டைத் தாண்டிச்சு, ஆனாலும் ஊர் இருட்டாகல. அதுக்கு ஒரு பெரிய காரணம் 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன் வழியா தென்னிந்திய கிரிட், அதாவது மின் லைன் வலை, நாட்டோட மத்தப் பகுதி கிரிட்டோட ஒண்ணா சேர்ந்தது. அதுக்கு முன்னாடி வடக்க கரண்ட் சும்மா கிடந்தாலும் நமக்கு வர்றதுக்கு வழி ரொம்பக் குறுகல். சில சமயம் ஒரு நல்ல லைன் ரெண்டு பவர் ஸ்டேஷனுக்குச் சமம்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், ஆனா லைனுக்கு ரிப்பன் வெட்ட மந்திரிங்க அவ்ளோ ஆசைப்படறதில்ல.

இப்ப பணம். நீங்க பெங்களூர்காரர்ங்கறதால ஒரு பழைய விஷயம் சொல்லணும். 1902ல சிவனசமுத்திரத்துல ஆரம்பிச்ச கரண்ட் முதல்ல பெங்களூருக்கு வரல, கோலார் தங்கவயலுக்குத்தான் போச்சு, நம்ம ஜனங்க சுரங்கத்துல இறங்கின அதே கேஜிஎஃப். பெங்களூருக்கு 1905லதான் வந்துச்சு. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துல எடுத்த அந்த முடிவுல இருந்த புத்திசாலித்தனம் என்னன்னா, கட்டறதுக்கு முன்னாடியே வாங்கறவன் ஒப்பந்தம் போட்டு நின்னான், அவனுக்கு ராப்பகலா ஒரே அளவு கரண்ட் வேணும், பணமும் ஒழுங்கா குடுப்பான். இன்னைக்கு எந்த ப்ளானருக்கும் இந்த மூணும் ஒரே ஆள்கிட்ட கிடைக்காது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாப்போம், வட்டி விகிதமெல்லாம் சுமாரா எடுத்துக்கறேன். 800 மெகாவாட் நிலக்கரி யூனிட், மெகாவாட்டுக்கு 10 கோடின்னு வச்சா 8,000 கோடி. எழுபது பங்கு கடன், முப்பது பங்கு சொந்த முதல். கடன் 5,600 கோடிக்கு ஒம்பது சதவீதம்னா வருஷத்துக்கு 504 கோடி வட்டி, முதல் 2,400 கோடிக்கு ரெகுலேட்டர் அனுமதிக்கற 15.5 சதவீதம் 372 கோடி, தேய்மானம் ஒரு 400 கோடி. கூட்டினா 1,276 கோடி, ஒரு கிலோ நிலக்கரி எரிக்கறதுக்கு முன்னாடி. யூனிட் 85 சதவீதம் ஓடினா ஒரு யூனிட் கரண்ட் மேல இந்தச் செலவு 2 ரூபா 15 காசு பக்கம் விழும். சோலார் வந்து தள்ளிவிட்டு 40 சதவீதம்தான் ஓடிச்சுன்னா அதே செலவு 4 ரூபா 55 காசுக்கு மேல போயிடும், நிலக்கரி காசு தனி. ஓடினாலும் ஓடாட்டியும் ஸ்டேஷன் ரெடியா இருந்தா எஸ்காம்ங்க, அதாவது பெஸ்காம் மாதிரி விநியோகக் கம்பெனிங்க, இந்த ஃபிக்ஸட் சார்ஜைக் கட்டியே ஆகணும், முகூர்த்தம் இல்லாத மாசத்துக்கும் சேர்த்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மண்டபம் புக் பண்ணின மாதிரி. 2018 வாக்குல கர்நாடகா நாட்டுலயே சோலார்ல முதல் இடத்துக்கு வந்தப்ப மழைக்காலத்துல ராய்ச்சூர், பெல்லாரி யூனிட்டெல்லாம் வரிசையா ரிசர்வ் ஷட்டவுன்ல, அதாவது ஓடத் தயாரா இருந்தும் தேவை இல்லாம, நின்னுச்சு. பக்கத்துலயே எரமரஸ்ல புதுசா கட்டின ரெண்டு 800 மெகாவாட் யூனிட்டுக்கும் அதே கதை. அப்ப டாரிஃப் ஹியரிங்ல, அதாவது கட்டணம் நிர்ணயிக்கற விசாரணைல, விவசாய சங்கத்துக்காரரும் சேம்பர் ஆஃப் காமர்ஸ்காரரும், அதிசயமா ஒரே பக்கம் நின்னு, "ஓடாத ஸ்டேஷனுக்கு நாங்க ஏன் கட்டணும்"னு கேட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு அதே மாதிரி ஆளுங்க "ஏன் முன்னாடியே கட்டல"ன்னு கேட்டாங்க. ரெண்டு கேள்வியும் நியாயமானதுதான், அதான் சிக்கலே.

இந்த விஷயத்துல ரொம்ப மோசமா அடிபட்டது மகாராஷ்டிரா. 1990கள்ல பற்றாக்குறை பயத்துல அமெரிக்கக் கம்பெனி என்ரானோட டாபோல் ஒப்பந்தம் போட்டாங்க, முதல் கட்டம் 740 மெகாவாட், நாஃப்தா எரிபொருள், விலை டாலர்ல. 1999ல ஓட ஆரம்பிச்சுச்சு, எதிர்பாத்த அளவுக்கு வாங்க ஆள் இல்ல, நாஃப்தா விலையும் ஏறிடுச்சு, 2001ல மாநில போர்டு வாங்கறதையே நிறுத்திடுச்சு. அந்த வருஷ கடைசில என்ரானே திவால். அதுக்கப்புறம் நாட்டுல எந்த போர்டு சேர்மனும் பெரிய பிபிஏல, அதாவது மின் கொள்முதல் ஒப்பந்தத்துல, கையெழுத்து போடும்போது அதை நினைக்காம இருந்திருப்பான்னு தோணல.

எரிபொருளும் சட்டமும் நடு வழில மாறும், அதுக்கு ப்ளானர் என்ன பண்ணுவான்? கர்நாடகாவுல நிலக்கரி சுரங்கமே கிடையாது. மாநில அரசோட மின் உற்பத்திக் கம்பெனி கேபிசிஎல் மகாராஷ்டிராவுல பரஞ்ச் சுரங்கத்தை வச்சிருந்துச்சு, 2014ல சுப்ரீம் கோர்ட் 204 நிலக்கரி ஒதுக்கீட்டை ஒரே தீர்ப்புல ரத்து பண்ணினப்ப அதுவும் போச்சு, திரும்பக் கிடைச்சு மறுபடி தோண்டறதுக்குள்ள பல வருஷம் ஓடிடுச்சு. சரி காஸ் போகலாம்னு எலஹங்காவுல 370 மெகாவாட் ஸ்டேஷன், 2015-16 வாக்குல ஆரம்பிச்சது, நடுவுல ஒரு தீ விபத்து, கோவிட், கடைசில 2024லதான் திறந்தாங்க. அதுக்குள்ள காஸ் விலை என்ன ஆட்டம் ஆடிச்சுன்னா, 2020 நடுவுல ஆசிய சந்தைல எல்என்ஜி, அதாவது கப்பல்ல வர்ற திரவ காஸ், ரெண்டு டாலர் பக்கம் கிடந்துச்சு, 2022ல அம்பது டாலரைத் தாண்டிச்சு. எந்த விலையை வச்சு டிபிஆர், அதாவது திட்ட அறிக்கை, எழுதறது? சட்டத்துக்கு ஒரு உதாரணம், 2015 டிசம்பர்ல நிலக்கரி ஸ்டேஷன் எல்லாத்துலயும் கந்தகப் புகையைப் பிடிக்கற எஃப்ஜிடி ரெண்டு வருஷத்துல மாட்டணும்னாங்க, அப்புறம் 2022ன்னாங்க, திரும்பத் தள்ளினாங்க, 2025 ஜூலைல முக்கால்வாசி ஸ்டேஷனுக்கு வேணாம்னுட்டாங்க. நூத்துக்கணக்கான கோடி போட்டு ஒழுங்கா மாட்டினவன் முழிக்கறான், மாட்டாதவன் சிரிக்கறான். இந்த விலக்கு சரியா தப்பான்னு டாக்டர்ங்களுக்கும் இன்ஜினியர்ங்களுக்கும் இன்னும் சண்டை, நான் டாக்டர்ங்க பக்கம், ஆனா அது என் அபிப்பிராயம் மட்டும்தான்.

நிலமும் ஜனங்களும் பத்தி நிறைய சொல்லலாம். மங்களூர் பக்கம் 1,000 மெகாவாட் கட்ட வந்த கோஜென்ட்ரிக்ஸ் வருஷக் கணக்குல கேஸும் போராட்டமும் பாத்துட்டு 1999ல மூட்டையைக் கட்டிடுச்சு. மைசூர் பக்கம் சாமலாபுராவுல நிலக்கரி ஸ்டேஷன்னு 2007 வாக்குல பேச்சு வந்ததும் ஊரே எழுந்து நின்னுச்சு, திட்டம் போச்சு. இதைப் படிச்சுட்டு "போராடறவங்கதான் தடை"ன்னு யாராச்சும் கமெண்ட் போடறதுக்கு முன்னாடி, ஷராவதிக்காக 1960கள்ல வீடு வாசல் விட்டுட்டு போனவங்களோட பட்டா பிரச்சனை இன்னைக்கும் தீரலங்கறதைச் சொல்லிடறேன், அதைப் பாத்த ஜனங்க அடுத்த திட்டத்தை எப்படி நம்புவாங்க? பாவகடா இதுல கொஞ்சம் வேற மாதிரி. 2,050 மெகாவாட் சோலார் பார்க், சுமார் 13,000 ஏக்கர், ஒரு ஏக்கர்கூட பிடுங்கல, விவசாயிகிட்ட குத்தகைக்கு எடுத்தாங்க, ஆரம்பத்துல ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அஞ்சு சதவீதம் ஏறும். வறட்சில வெந்த பூமிக்கு அது நல்ல காசு, அதனாலதான் வேகமா முடிஞ்சுச்சு. ஆனா நிலம் இருந்தவனுக்குத்தான் குத்தகை, அந்த வயல்ல கூலிக்குப் போனவங்களுக்கு ஒண்ணும் இல்ல, ஆடு மேய்ச்சவங்களுக்கும் இல்ல. லைன் போடறதுலயும் இதே பாடுதான், மைசூர்-கோழிக்கோடு 400 கேவி லைன் குடகு காப்பித் தோட்டம் வழியா போகணும்னதால கிட்டத்தட்ட பத்து வருஷம் இழுத்து 2015லதான் முடிஞ்சுச்சு. சோலார் பார்க் ஒண்ணரை ரெண்டு வருஷத்துல எழும்பிடும், அதோட லைனுக்கு நாலு அஞ்சு வருஷம் ஆகும். ராஜஸ்தான்ல 2025ல பேனல் பளபளன்னு ரெடி, லைன் ரெடி இல்லன்னு மதியத்துல நிறுத்தி வச்சாங்க, நீங்க படிச்ச செய்தில பாதி அதுவாத்தான் இருக்கும்.

அரசு கம்பெனிக்குன்னே தனியா ஒரு தலைவலி இருக்கு. இலவச பம்பு கரண்டுக்கும், 2023லேருந்து வீட்டுக்கு 200 யூனிட் வரைக்குமான க்ருஹ ஜோதிக்கும் மாநில அரசு எஸ்காமுக்குப் பணம் தரணும், அது லேட்டானா எஸ்காம் கேபிசிஎல்லுக்கு லேட்டா குடுக்கும், கேபிசிஎல் நிலக்கரிக் கம்பெனிக்கு லேட்டா குடுக்கும், நிலக்கரி ரயில் ரேக் யாருக்கு முதல்லங்கறதுல பாக்கி வச்சவன் பின்னாடி போவான். இன்னொரு பக்கம் நல்லா பில் கட்டற பெரிய ஃபேக்டரி, ஐடி பார்க் எல்லாம் நேரடியா சோலார், காத்தாலைக்காரன்கிட்ட வாங்கிக்கறாங்க, 2022 விதி வந்ததுக்கப்புறம் 100 கிலோவாட் லோடு இருந்தாலே போதும், முன்னாடி ஒரு மெகாவாட் வேணும். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, லாபம் இருக்கற இடத்துக்குப் போறாங்க. ஆனா மேகமூட்டமான நாள்ல அவங்களும் திரும்ப பெஸ்காமைத்தான் பாப்பாங்க, அப்ப குடுக்க கெபாசிட்டி ரெடியா வச்சிருக்கணும், அந்தச் செலவு மிச்சம் இருக்கற நம்ம தலைல. போற வாடிக்கையாளனுக்காக ஸ்டேஷன் கட்டணுமா வேணாமான்னு சொல்ற ஃபார்முலா எதுவும் நான் பாத்ததில்ல.

கமிஷனுக்கு வரேன். டெண்டர்ல, நிலக்கரி தரத்துல, அதைக் கழுவற காண்ட்ராக்ட்ல தில்லுமுல்லு நடக்கும், நடக்காதுன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஆனா அது செலவை ஏத்தற காரணம், கட்டாம இருக்கறதுக்குக் காரணம் இல்ல, கமிஷன் வேணும்னு நினைக்கறவன் கட்டத்தானே பாப்பான்? கட்டாம இருக்கறதுக்குப் பெரிய காரணம் ஆடிட் பயம்னு நான் சொல்லுவேன். பத்து வருஷம் கழிச்சு ஆயிரம் மெகாவாட் பத்தலன்னா யாரையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்க, மின்சாரச் சந்தையான எக்ஸ்சேஞ்ச்ல யூனிட் 10 ரூபாய்க்கு, அதுதான் அங்க உச்ச வரம்பு, வாங்கிச் சமாளிச்சுட்டாங்கன்னு போயிடும். ஆயிரம் மெகாவாட் அதிகமாகி சும்மா நின்னா மட்டும் ஃபைல்ல கையெழுத்து போட்டவன் ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் பதில் சொல்லணும். அதனால வருஷா வருஷம் கோடைக்கு முன்னாடி குறுகிய கால டெண்டர் விட்டு ஓட்டிடறது அதிகாரிக்குப் பாதுகாப்பு, மாநிலத்துக்கு விலை ஜாஸ்தி.

அப்ப என்ன பண்ணணும்னு கேட்டா, இங்கேருந்து நான் சொல்றது உறுதியும் சந்தேகமும் கலந்துதான் வரும். உறுதியா சொல்லக்கூடியது, சாயங்கால நாலு மணி நேரத்துக்குப் புது நிலக்கரி ஸ்டேஷன் கட்டறதை விட சேமிப்பு பாக்கறது புத்திசாலித்தனம். பேட்டரி டெண்டர்ல 2022ல மெகாவாட்டுக்கு மாச வாடகை 10.84 லட்சம் ரூபா வந்துச்சு, 2024 முடியறதுக்குள்ள, மானியத்தோடதான், 2.5 லட்சத்துக்கும் கீழ இறங்கிடுச்சு. பம்ப்டு ஸ்டோரேஜ்னா பகல்ல சோலார் கரண்ட்ல தண்ணியை மேல ஏத்தி சாயங்காலம் இறக்கறது, நாலு யூனிட் குடுத்தா மூணு யூனிட் திரும்ப வரும், கோயம்புத்தூர் பக்கம் காடம்பாறைல 400 மெகாவாட் இந்த மாதிரி பல வருஷமா இருக்கு. ஷராவதில 2,000 மெகாவாட் இதே மாதிரி போடறேங்கறாங்க, ஏற்கனவே இருக்கற தலகளலே, கேருசொப்பா ரெண்டு நீர்த்தேக்கத்தையும் இணைச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது சிங்கவால் குரங்கு சரணாலயத்துக்குள்ள, மலை ஏற்கனவே சரியற இடம். பேட்டரி விலை இப்படி இறங்கும்போது அந்தக் காட்டைக் குடையணுமான்னு எனக்கு நிஜமாவே சந்தேகம். அதே சமயம் பேட்டரி ரெண்டு நாலு மணி நேரத்துக்குத்தான், ஒரு வாரம் மேகம் போட்டு காத்தும் நின்னுட்டா அது கைகொடுக்காது, பத்து பன்னெண்டு வருஷத்துல மாத்தவும் வேண்டியிருக்கும். அதனால பழைய நிலக்கரி யூனிட்டை இடிக்காம, அடிக்கடி ஏறி இறங்கற மாதிரி செலவு பண்ணி வச்சுக்கறதுதான் இப்போதைக்கு மலிவுன்னு நினைக்கறேன். டேட்டா சென்டர் எவ்ளோ இழுக்கும், எல்லாரும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி எத்தனை மணிக்குச் சொருகுவாங்க, இதுல யாராச்சும் உறுதியா ஒரு நம்பர் சொன்னா நம்பாதீங்க. அணு மின்சாரத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கூடங்குளம் ஒப்பந்தம் 1988, முதல் யூனிட் வணிக ரீதியா ஓடினது 2014 கடைசி.

உங்களுக்கு நிஜமாவே ஆர்வம் இருந்தா மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் கேஈஆர்சி ஒவ்வொரு தடவையும் போடற டாரிஃப் ஆர்டர் பொதுவுல கிடைக்குது. பெரிய புஸ்தகம், முழுசா படிக்க வேணாம், பவர் பர்ச்சேஸ் டேபிளுக்கு நேராப் போங்க, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஃபிக்ஸட் சார்ஜ் எவ்ளோ, வாங்கற யூனிட் எவ்ளோன்னு ரெண்டு நெடுவரிசை இருக்கும், வகுத்துப் பாருங்க. அதுல எந்த ஸ்டேஷன் கணக்காச்சும் புரியலன்னா கீழ கேளுங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து பதில் போடறேன். மேகதாதுவோட 400 மெகாவாட் பத்தி மட்டும் யாரும் ஆரம்பிக்க வேணாம், எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க இருக்காங்க.